கைக்கு எட்டின பிள்ளை

ஜூன் 4, திங்கள்

முகி தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வருகிறது. இரண்டு தடவை பார்த்தாயிற்று.

பாடக் குறிப்பு எழுதுவதற்காக மதுரையிலிருந்து கொண்டுவந்த நோட்டு இது. பயமாக இருந்தால் பயத்தை எழுதிவிடு, தூக்கம் வரும் என்று இவர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். பாம்பு. கிணற்றுத் தண்ணீர். கொசு. ஆஸ்பத்திரி பதினேழு கிலோமீட்டர். வரும் வழியில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் பார்த்தேன். அந்தப் பக்கம் இன்னும் மிதிவெடி எடுத்து முடிக்கவில்லையாம். ஐந்து ஆயிற்று. தூக்கம் வரவில்லை.

இவர் என்ஜினியர். சண்டை முடிந்து ஊர் திரும்பிய சனங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வேலை, இலங்கையில் ஒரு வருஷம். "நீயும் வா கொடி. குழந்தை வளர்ப்புல பட்டம் வாங்கிட்டு ஒரே ஒரு குழந்தையை வச்சுக்கிட்டு பரீட்சை பண்ணிட்டு இருக்க" என்றார். அப்படித்தான் வன்னியில் ஆத்திமுறிப்பு என்கிற இந்த ஊரில், முன்பள்ளியில், சம்பளமில்லாத டீச்சராக வந்து உட்கார்ந்திருக்கிறேன். முன்பள்ளி என்றால் நம்மூர் எல்.கே.ஜி. மாதிரி. இவர் தங்கியிருக்கும் முகாம் இருபது கிலோமீட்டர் தள்ளி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். எனக்கும் முகிக்கும் அதே முன்பள்ளியில் வேலை பார்க்கும் வதனி டீச்சர் வீட்டில் ஓர் அறை. தகரக் கூரை. சுத்தமாக இருக்கிறது.

முகிக்கு நாலு வயது ஆகப்போகிறது. போன வருஷம் மதுரையில் பிரீ-கேஜியில் சேர்த்தோம். பதினோரு நாள் போனாள். அந்தப் பள்ளிக்கூடம் சரியில்லை. நிறுத்திவிட்டோம்.

ஜூன் 5, செவ்வாய்

முன்பள்ளியில் முகியைச் சேர்க்காமல் பதினேழு பிள்ளைகள். ஒரே நீளமான கூடம். ஒரு முனையில் பெரிய பிள்ளைகள், அவர்கள் எனக்கு. மறுமுனையில் சின்னப் பிள்ளைகள், அவர்கள் வதனி டீச்சருக்கு.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய பாய். அதில் பதினாறு அம்மாக்களும் ஒரு அப்பாவும்.

கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. கச்சானை உடைத்தார்கள் (நிலக்கடலையை இங்கே அப்படிச் சொல்கிறார்கள்), கீரை ஆய்ந்தார்கள், ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்தார்கள். பள்ளி விடும்வரை அசையவில்லை. அந்த ஒற்றை அப்பாவின் பெயர் குணம். சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு அவரும் கச்சான் உடைக்கிறார், எல்லோரையும்விட வேகமாக.

"யானைக்கு எத்தனை கால்?" என்று நான் பிள்ளைகளைக் கேட்டேன்.

"நாலு!" என்று ஜன்னலிலிருந்து பதினேழு குரல் வந்தது.

"நான் பிள்ளைகளைக் கேட்டேன்" என்றேன்.

"பிள்ளையள் யோசிக்கினம் டீச்சர். அதுக்குள்ள நாங்கள் சொல்லிப்போட்டம்" என்றாள் ஒருத்தி. சுகிர்தா. என் வயதுதான் இருக்கும். வாய் நீளம்.

முகி என் மடியில் இருந்தாள். புது இடம் அல்லவா.

ஜூன் 8, வெள்ளி

வலயக் கந்தோரிலிருந்து அதிகாரி வந்தார். கந்தோர் என்றால் அலுவலகம். திருமதி மங்களேஸ்வரி. குடையும் கோப்பும் விறைத்த காட்டன் சேலையுமாக வாசலில் நின்று முதலில் உள்ளே எண்ணினார், பிறகு வெளியே எண்ணினார்.

"இது முன்பள்ளியோ, தாய்மார் சங்கமோ?"

வதனி டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி அம்மா விடவில்லை. "பிள்ளை தாயை விட்டிட்டு மூண்டு மணித்தியாலம் இருக்கப் பழகோணும். அதுக்குத்தானே முன்பள்ளி? இப்பிடி எண்டால் நான் பதிவு தரமாட்டன். ஜூலை இருபது வருவன். அண்டைக்கு இந்த வளவுக்குள்ள ஒரு தாயையும் நான் காணக்கூடாது. கண்டால், கட்டடத்தை விதைநெல் வைக்கக் கேக்கினம், குடுத்திடுவன்."

அடுத்த முன்பள்ளி ஆறு கிலோமீட்டர். நடுவில் காடு, சிவப்புப் பலகை. பதினேழில் ஒன்றுகூட அங்கே போகாது. பதிவு இல்லையென்றால் மத்தியானக் கஞ்சியும் நின்றுவிடும்.

போகும்போது என் மடியைக் காட்டி, "இந்தப் பிள்ளையின்ர தாய் ஆர்? அவவையும் வெளியில போகச் சொல்லுங்கோ" என்றார்.

கொஞ்சம் கடுமையான மனுஷி.

ஜூன் 11, திங்கள்

எனக்கு ஒரு யோசனை வந்தது. பாலூட்டுவதைக்கூட ஒரே நாளில் நிறுத்துவதில்லை. பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். முதலில் ஜன்னலடியிலிருந்து பாலை மரத்தடிக்கு. பிறகு படலைக்கு, அதாவது வேலிக் கதவுக்கு. பிறகு ரோட்டில் இருக்கும் மதகுக்கு. பிறகு வீட்டுக்கு. ஏறக்குறைய ஆறு வாரம் இருக்கிறது.

பாயிலேயே போய் உட்கார்ந்து சொன்னேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பாய் போகும் டீச்சர்" என்றாள் சுகிர்தா. "நாங்களும் போவம். ஆனால் ஒண்டு. பாய் ஒரு அடி போனால் முகியும் ஒரு அடி போகோணும். அவ சின்ன ஆக்களோட அங்கால முனையில இருக்க வேண்டியவ. ஏன் உங்கட மடியில இருக்கிறா?"

"அவளுக்குப் புது இடம்."

"அவவுக்கோ? உங்களுக்கோ?"

பதினாறு அம்மாக்களும் சிரித்தார்கள். குணம் அண்ணன் மரியாதைக்காகச் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது.

ஜூன் 14, வியாழன்

தோசை மாவு நாலு மணி நேரத்தில் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வெளியே நடந்து போயிருந்தது. இந்த ஊர் வெயிலுக்கு அரைத்த கையோடு ஊற்ற வேண்டும் போல. முகிக்கு லேசாகச் சளி. வெந்நீர்.

ஜூன் 17, ஞாயிறு

இவர் வந்தார். புளித்த தோசை ஏழு சாப்பிட்டார். பாய் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"மதுரை ஸ்கூல் வாட்ச்மேன் போன மாசம்கூட என்னைக் கேட்டாரு. அந்தம்மா உட்கார்ந்த ஸ்டூலு கேட்டுக்கிட்ட அப்படியே கிடக்குதாம். பதினோரு நாள் உட்கார்ந்து மழையில நனைஞ்ச ஸ்டூலு. இப்ப நீயே போய் பதினாறு பேரை எந்திரிக்கச் சொல்றியா?"

நான் சட்னியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஜூன் 19, செவ்வாய்

பாய் ஜன்னலடியிலிருந்து மரத்தடிக்குப் போயிற்று. முகி என் மடியிலிருந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறாள். இரண்டும் ஒரே தூரமா என்று சுகிர்தா மரத்தடியிலிருந்து கத்திக் கேட்கிறாள்.

ஜூன் 22, வெள்ளி

மரத்தடியில் இப்போது ஒரு குடித்தனமே நடக்கிறது. மூன்று கல், ஒரு கேத்தல், தேங்காய் மட்டை. தேத்தண்ணீர் எனக்கும் வருகிறது, இஞ்சி போட்டு. புகை கண்ணைக் கரிக்கிறதே என்றேன். "புகை வேணும் டீச்சர், இந்த மரத்தில வருசா வருசம் குளவி வந்து கட்டும்" என்றார் குணம் அண்ணன். தேத்தண்ணீர் குடிக்க இவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

முகி நடுக்கூடம்வரை போயிருக்கிறாள். எட்டு அடி. நான் அடி வைத்து அளந்தேன்.

ஜூன் 25, திங்கள்

பாய் படலைக்குப் போயிற்று. கேத்தலும் கூடவே போயிற்று.

ஜூலை 2, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விட்டால் திரும்பக் கூட்டிச் சேர்ப்பதற்குள் தொண்டை போய்விடுகிறது. அதனால் இவரிடம் சைட்டில் ஊதுகிற விசில் ஒன்று கேட்டு வாங்கியிருந்தேன். பதினொரு மணிக்கு எல்லோரும் முற்றத்தில் சிதறி நின்றபோது, வாயில் வைத்து நீளமாக ஊதினேன்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும்.

படலையிலிருந்து அவர்கள் வந்தார்கள். ஒருத்தரும் கத்தவில்லை. சத்தமே இல்லாமல் அத்தனை வேகமாகப் பெரியவர்கள் ஓடி நான் பார்த்ததில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு பிள்ளையை அள்ளினாள். தன் பிள்ளை எது என்று யாரும் பார்க்கவில்லை. எது முன்னால் நின்றதோ அதை. குணம் அண்ணன் கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பையன்களை இடுக்கிக்கொண்டு போனார். அவருடைய ஆரணியை வேறு யாரோ தூக்கியிருந்தார்கள். கட்டடத்துக்குப் பின்னால் குளக்கட்டை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கிறது. அத்தனை பேரும் அதற்குள் இறங்கிவிட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. முற்றத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. என் வாயில் விசில் இருந்தது.

முகியைக் காணவில்லை.

நானும் ஓடினேன். ஊஞ்சலடியில் ஒரு பிள்ளை இரண்டு கையையும் என்னைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. சுகிர்தாவின் மகன் கிருசாந். நான் அவனைத் தாண்டி ஓடினேன். பின்னால் வந்த வதனி டீச்சர்தான் அவனைத் தூக்கினார்.

முகி பள்ளத்தில் இருந்தாள். சுகிர்தாவின் இடுப்பில். அவளுடைய சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டு, அழாமல்.

எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காகம் போயிற்று.

"என்ன டீச்சர், உதுவோ கிபிர்?" என்றார் குணம் அண்ணன்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். மண்ணில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் காலத்தில் கிபிர், அதாவது குண்டு போடும் விமானம், வந்தால் இங்கே பள்ளிக்கூடங்களில் விசில்தான் ஊதுவார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. சிரித்து முடித்துத் தூசியைத் தட்டிக்கொண்டு பிள்ளைகளை மாற்றிக்கொண்டார்கள், சந்தையில் தவறி எடுத்த பையை மாற்றிக்கொள்வதுபோல. "இந்தா உன்ர." "என்ர அங்க இருக்கு."

விசிலைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். குடிக்கிற தண்ணீர். பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 3, செவ்வாய்

கிருசாந்துக்காகச் சுகிர்தாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் வீட்டில் கூரை போட்டாயிற்று, கதவு இன்னும் வரவில்லை. கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அவனைப் பார்த்தேன் சுகிர்தா. கையைத் தூக்கினான். பார்த்துட்டுத்தான் தாண்டிப் போனேன்."

"தெரியும். அவன் வந்து சொன்னவன். இந்தியா டீச்சர் நல்லா ஓடுவா எண்டு."

நான் அழுதுவிடுவேன் என்று தோன்றியதோ என்னவோ, அரிசிச் சுளகை என் கையில் கொடுத்தாள். நானும் கோழிக்குப் போட்டேன்.

"டீச்சர், சண்டைக்குள்ள ஒளிக்கிற பங்கர் ஒண்டுக்கு ஏழு குடும்பம். சத்தம் கேட்டா, என்ர பிள்ளை எங்க, உன்ர பிள்ளை எங்க எண்டு தேடேலாது. தேடிக்கொண்டு நிண்டா ரெண்டும் போயிடும். கைக்கு எட்டினதைத் தூக்கிக்கொண்டு ஓடுறது. உன்ர பிள்ளை வேற ஆருக்கோ எட்டும். உள்ளுக்குப் போய் மாத்திக்கொள்ளுவம்."

"எட்டலைன்னா?"

அவள் முற்றத்தைக் காட்டினாள். "எட்டினதுதானே. அங்க பாருங்கோ, கோழியைத் துரத்துறான்."

குணம் அண்ணன் கதையையும் அப்போதுதான் சொன்னாள். சண்டையின் கடைசி நாட்களில் ஆரணி கைக்குழந்தை. தாய் அங்கேயே இறந்துபோனாள். பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது, பால் குடித்த வயிற்றோடு, யாருடையதோ மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு. தூக்கினது யார் என்று இன்றைக்கும் தெரியாது. "அந்த மனுசி ஒருநாள் இந்த றோட்டால போகக்கூடும், பிள்ளையைக் கண்டா அடையாளம் பிடிப்பா எண்டு அவருக்கு ஒரு எண்ணம். அதுதான் வந்து இருக்கிறார். மற்றபடி கச்சான் உடைக்கிறதில அவருக்கு ஆசையில்லை."

"அப்ப நீங்க? யார் கையில இருந்தாலும் சரின்னு இருக்கிறவங்க, ஏன் இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

"அப்ப தூக்க ஆள் இருந்தது டீச்சர். இஞ்ச நீங்கள் ரெண்டு பேர். நாலு கை. அதில ஒரு கையால நீங்கள் முகியைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள். மிச்சம் மூண்டு கை. பதினேழு பிள்ளையளுக்கு மூண்டு கை காணுமோ?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

முகி பிறந்தபோது ஒன்றே கால் கிலோ. நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். நான் வெளியே நின்றேன். இரண்டு ஓட்டை இருக்கும் அந்தப் பெட்டியில், நர்ஸ் கை விடுவதற்கு. என் கையை விட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சுகிர்தாவிடம் சொல்லவில்லை. கோழிக்கு அரிசி அதிகமாகப் போட்டுவிட்டேன்.

ஜூலை 9, திங்கள்

பாய் மதகுக்குப் போயிற்று. முகி கூடத்தின் அந்த முனைக்குப் போனாள். இருபத்திரண்டு அடி.

என் கை இரண்டும் காலியாக இருந்தன. முதல் அரை மணி நேரம் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு ஒருத்தனுக்கு மூக்குத் துடைத்தேன், ஒருத்திக்குச் சடை பின்னினேன், கிருசாந்துக்குக் கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். மணி போனது தெரியவில்லை.

முகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

ஜூலை 12, வியாழன்

முகி தனியாகச் சுகிர்தா வீட்டுக்கு விளையாடப் போனாள். இரண்டு மணி நேரம். அங்கே ஒரு ஆட்டுக்குட்டி இருக்கிறது. நான் இங்கே இருந்த எல்லாத் துணியையும் துவைத்தேன். துவைத்ததையும் துவைத்தேன்.

திரும்பி வந்தவளிடம், "சாப்பிட்டியா தங்கம்?" என்று கேட்டேன்.

"ஓம். புட்டும் மாம்பழமும்" என்றாள்.

ஓமாம்! 'ஆமாம்' போயிற்று. தலையில் இரண்டு பேனும் இருந்தன. இவரிடம் போனில் சொன்னேன். "வாழ்த்துகள்" என்றார்.

ஜூலை 16, திங்கள்

பாயைச் சுருட்டியாயிற்று. மதகில் யாரும் இல்லை. எல்லோரும் வீட்டில். குணம் அண்ணன்கூடக் கிணறு இறைக்கிற வேலைக்குப் போய்விட்டார். முற்றம் இவ்வளவு பெரியது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. வதனி டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. "இருந்தால் அரியண்டம், போனால் வெறுமை" என்று மூக்கைச் சிந்தினார் (அரியண்டம் என்றால் தொல்லை). தேத்தண்ணீர் இல்லாதது எனக்கும் கஷ்டம்.

"யானைக்கு எத்தனை கால்?" என்று கேட்டேன். பிள்ளைகள் விரலை மடக்கி யோசித்தார்கள். பிறகு ஆரணி எழுந்து, "அம்மா ஆனைக்கோ, குட்டி ஆனைக்கோ?" என்றாள்.

ஜூலை 19, வியாழன்

நாளைக்கு. சேலை தேய்த்தாயிற்று. நகம் வெட்டியாயிற்று, பதினெட்டுப் பேருக்கும். பயம் என்று எழுத ஒன்றும் இல்லை. இருக்கிறது, எழுதவில்லை.

ஜூலை 20, வெள்ளி

அதிகாரி அம்மா ஒன்பதரைக்கு ஜீப்பில் வந்தார். உள்ளே எண்ணினார். பதினெட்டு. வெளியே எண்ணினார். ஒன்றுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டார். முகம் இளகவில்லை.

பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். களிமண்ணில் செய்த வீடுகளைக் காட்டினார்கள். எல்லா வீட்டுக்கும் கதவு வைத்திருந்தார்கள். பிறகு முற்றத்தில் ரயில் விளையாட்டு. அதிகாரி அம்மாவுக்கு வெளியே ஒரு கதிரை போட்டோம்.

வெயில் ஏறிற்று. டிரைவர் ஜீப்பை நிழலில் போடலாம் என்று பின்னால் எடுத்துக்கொண்டுபோய்ப் பாலை மரத்தடியில் விட்டார். கூரை ஒரு கிளையில் இடித்தது.

புகை போட்டு நாலு வாரம் ஆகிறது. குணம் அண்ணன் சொன்னதை நான் தேத்தண்ணீர்க் கதை என்று நினைத்திருந்தேன்.

மரத்திலிருந்து ஒரு கறுப்புத் துணியை உதறின மாதிரி வந்தது. டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயிருந்து ஹாரனை அழுத்தினார். அதனால் யாருக்கு என்ன பயன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ரயில் துண்டு துண்டாகப் போயிற்று. வதனி டீச்சர் கத்தினார், "கைக்கு எட்டினதைத் தூக்குங்கோ!"

தூக்கினேன். ஒன்றை இடுப்பில், ஒன்றைக் கக்கத்தில். உள்ளே போட்டேன். திரும்பி ஓடினேன். இன்னும் இரண்டு. பெரிய பிள்ளைகள் தாங்களாகவே ஓடினார்கள். மூன்றாம் தடவை ஓடும்போது அதிகாரி அம்மா எதிரே வந்தார். குடை இல்லை, கோப்பு இல்லை, ஒரு செருப்பு இல்லை, இரண்டு கையிலும் பிள்ளை. வதனி டீச்சர் கடைசி ஆளைக் கொண்டுவந்தார். கதவைச் சாத்தினோம். ஜன்னலைச் சாத்தினோம். இருட்டில் எண்ணினோம்.

பதினெட்டு. ஒரு பிள்ளைக்கும் கடி இல்லை. வதனி டீச்சருக்கு முழங்கையில் ஒன்று, அதிகாரி அம்மாவுக்குக் காதில் ஒன்று. கிருசாந் என் இடுப்பில் இருந்தான். ஆரணி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஆரின்ர பிள்ளை?" என்றார் அதிகாரி அம்மா. "என்ர சேலையில மூக்கைத் துடைக்குது."

பார்த்தேன். முகி அவர் இடுப்பில் இருந்தாள், விறைத்த காட்டன் சேலையின் தலைப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு.

"என்னோடதுதான் அம்மா."

"நீங்கள் தேடேல்லையே?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தேடவில்லை.

அதிகாரி அம்மா முகியை இறக்கி விடாமலேயே, "என்ர கோப்பு வெளியில கிடக்கு. குளவி போனாப் பிறகு எடுத்துத் தாங்கோ. கையெழுத்து வைக்கோணும்" என்றார். "அந்த றைவருக்கும் நான் ரெண்டு கதை சொல்லோணும்."

காதில் சுண்ணாம்பு தடவினோம். கையெழுத்து வைத்தார். போகும்போது, அம்மாக்கள் நாளொன்றுக்கு ஒரு தடவை வந்து மரத்தடியில் புகை போட்டுவிட்டுப் போகலாம் என்று கோப்பில் தனியாக ஒரு வரி எழுதினார். புகை போட எத்தனை பேர் வேண்டும் என்று எழுதவில்லை.

மத்தியானம் சுகிர்தா வந்தாள். ஹாரன் கேட்டதுமே பதினேழு பேரும் இருந்த இடத்திலிருந்து புறப்பட்டு மதகுவரை ஓடி வந்தார்களாம். அங்கே நின்றுவிட்டார்களாம்.

"ஏன் நின்னீங்க? பயமா இல்லையா?"

"பயந்தான். மதகில நிண்டா முற்றம் முழுக்கத் தெரியும். எண்ணினம். நீங்கள் ரெண்டு, வதனி டீச்சர் ரெண்டு, அந்த அம்மா ரெண்டு. ஆறு கையும் ஓடுது. பதினெட்டும் உள்ளுக்குப் போயிட்டுது. பிறகென்னத்துக்கு வாறது?"

பிறகு, போகிற போக்கில் சொன்னாள்: "என்ர மகனை ரெண்டாம் தரம் தாண்டிப் போகேல்ல நீங்கள்."

ஜூலை 28, சனி

இவர் முகாமில் இன்றைக்கு ஏதோ சமையல் கொண்டாட்டம், வா என்றார். முகி வரமாட்டேன் என்றுவிட்டாள். ஆட்டுக்குட்டிக்கு இன்றைக்குப் பெயர் வைக்கிறார்களாம். சுகிர்தா வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன். முகி பிறந்ததற்குப் பிறகு நான் தனியாக ஏறிய முதல் பஸ்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். ஒரு கையில் மரக்கறிப் பை, ஒரு கையில் ஒரு வயதுக் குழந்தை. நிற்க இடமில்லை. என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. பெயர்கூடத் தெரியாது. பவுடர் வாசம், புளித்த பால் வாசம். என் வளையலைக் கொஞ்ச நேரம் கடித்தது. பிறகு என் மார்பில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டது.

முகாம் பலகை வந்தது. படலையில் இவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். பஸ் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "அக்கா, இறங்கேல்லையோ?" என்றார்.

"அடுத்ததுல இறங்கிக்கிறேன். பிள்ளை தூங்குது" என்றேன்.